தொடக்கப் பள்ளி பேரன்ட்ஸ் மீட்டிங்கில் உருப்படியாக என்ன பேசுவது?

கேட்டவர் ஓர் அப்பா. மகன் இரண்டாம் வகுப்பு. அரை நாள் லீவு போட்டு, டோக்கன் வாங்கி, ஒரு மணி நேரம் காத்திருந்து, கடைசியில் “நல்லா படிக்கிறான், கொஞ்சம் விளையாட்டுத்தனம் ஜாஸ்தி” என்பதைக் கேட்டுவிட்டு ஐந்து நிமிடத்தில் எழுந்து வருகிறாராம். இதை எப்படிப் பயனுள்ளதாக ஆக்குவது என்பது கேள்வி.

நான் விழுப்புரம் மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் 19 வருடமாக இடைநிலை ஆசிரியை. என் மகள் டவுனில் ஒரு தனியார் பள்ளியில் நான்காவது படிக்கிறாள். (கவர்மென்ட் டீச்சர் பிள்ளை தனியார் பள்ளியிலா என்று கேட்பவர்களுக்கு: அந்தச் சண்டை எங்கள் வீட்டிலேயே நடந்து முடிந்துவிட்டது. மாமியார் ஜெயித்தார்.) ஆக, பெற்றோரை உட்கார வைத்துப் பேசியும் இருக்கிறேன், டோக்கனோடு பெஞ்சில் காத்தும் கிடந்திருக்கிறேன்.

முதலில் ஒரு சமாச்சாரம். இந்தச் சந்திப்பு பள்ளிக்கூடம் உங்களுக்குச் செய்யும் தயவு இல்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 24ஆம் பிரிவில் ஆசிரியரின் கடமைகளை வரிசையாகச் சொல்கிறது. அதில் ஒன்று, பெற்றோரை முறையாகச் சந்தித்து நான்கு விஷயங்களைத் தெரிவிப்பது: பிள்ளை ஒழுங்காக வருகிறதா, கற்கும் திறன் எப்படி, கற்றலில் எவ்வளவு முன்னேறியிருக்கிறது, பிள்ளையைப் பற்றித் தெரிய வேண்டிய மற்ற சங்கதிகள். இந்த நான்கில் ரேங்க் இல்லை பாருங்கள். ஆனால் நம் மீட்டிங்கில் பாதி நேரம் அதற்கே போய்விடுகிறது.

ரேங்க் கார்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், வீட்டில் போய்ப் பார்க்கலாம். அங்கே இருக்கும் ஐந்து நிமிடத்தில் கேட்க வேண்டியது நோட்டை. “மிஸ், கணக்கு நோட்டைக் கொஞ்சம் காட்டுங்க, அவன் தப்பு போட்ட பக்கமா பாத்துக் காட்டுங்க” என்று கேளுங்கள். ஸ்டார் போட்ட பக்கத்தில் நமக்குக் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை.

என் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். மூன்றாம் வகுப்புப் பையன். 52-லிருந்து 38-ஐக் கழிக்கச் சொன்னால் 26 என்று எழுதுவான். 63-லிருந்து 27 என்றால் 44. பக்கம் முழுக்க சிவப்பு மை. கவனமே இல்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். மீட்டிங்குக்கு முந்தின நாள், மறுநாள் காட்டுவதற்காகப் பக்கத்தைப் புரட்டும்போதுதான் உறைத்தது. எல்லாத் தப்பும் ஒரே மாதிரித் தப்பு. மேலே இருப்பது கீழே இருப்பது என்று பார்க்காமல், பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழிக்கிறான். எட்டிலிருந்து இரண்டு போனால் ஆறு, ஐந்திலிருந்து மூன்று போனால் இரண்டு, ஆக 26. கவனம் இல்லாதவனுக்கு இவ்வளவு ஒழுங்காகத் தப்பு வராது. அவனுக்குக் கடன் வாங்கிக் கழிப்பது என்றால் என்னவென்றே புரியவில்லை, அதனால் தனக்குத் தெரிந்த வழியில் போயிருக்கிறான்.

மறுநாள் அம்மா வந்தார். பஸ் ஸ்டாப் பக்கம் சாயங்காலம் போண்டா, பஜ்ஜி போடுகிறவர். பக்கத்தைக் காட்டினேன். ஒரு நிமிடம் பார்த்துவிட்டுச் சொன்னார்: “எனுக்கு இதெல்லாம் தெரியாது டீச்சர். ஆனா கடையில சில்லறை அவன்தான் குடுக்கிறான். ஒரு ரூவா தப்பாது.”

பையனைக் கூப்பிட்டேன். முப்பத்தெட்டு ரூபாய்க்குப் பலகாரம், ஐம்பது ரூபாய் நோட்டு கொடுக்கிறார்கள், மீதி என்ன? “பன்னெண்டு” என்றான், யோசிக்கவே இல்லை. எப்படிடா என்றால், “முப்பத்தெட்டு, ரெண்டு குடுத்தா நாப்பது, ஒரு பத்து குடுத்தா அம்பது.” என்னைத்தான் ஒரு மாதிரி பார்த்தான், இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி.

அன்றைக்கு அந்த அம்மா வராமல் இருந்திருந்தால் எனக்கு இது தெரிந்திருக்காது. மறு வாரம் வகுப்பில் அதே 52-ஐ, பத்து ரூபாய்த் தாள் ஐந்தும் ஒரு ரூபாய்க் காசு இரண்டுமாக வைத்தேன், விளையாட்டுப் பணம்தான். முப்பத்தெட்டு ரூபாய் கொடு என்றேன். மூன்று பத்தை எடுத்தான். எட்டுக் காசுக்கு இரண்டுதான் இருக்கிறது. கையிலிருந்த இன்னொரு பத்தை நீட்டி, “சில்லறை மாத்திக் குடுங்க டீச்சர்” என்றான். அவ்வளவுதான், முடிந்தது. ‘கடன் வாங்குதல்’ என்று வருடக் கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்த சொல்லையே நான் விட்டுவிட்டேன். இப்போதெல்லாம் என் வகுப்பில் சில்லறை மாற்றுதல்தான். கடன் என்றால் திருப்பித் தர வேண்டாமா, இந்தக் கணக்கில் யார் திருப்பித் தருகிறார்கள்?

ஆகவே, கேட்டவருக்கு: டீச்சருக்குத் தெரியாத ஒன்று உங்களுக்குத் தெரியும். பையன் வீட்டில் எதைத் தானாகச் செய்கிறான், எதற்கு அழுகிறான், காலையில் எந்தக் கிழமை வயிற்றுவலி வருகிறது, புதிதாக யார் பேரைச் சொல்கிறான். இதையெல்லாம் போகும்முன் ஒரு துண்டுத் தாளில் இரண்டு வரி எழுதிக்கொள்ளுங்கள். டீச்சர் பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்தால் உங்கள் ஐந்து நிமிடம் முடிந்துவிடும். நீங்களே ஆரம்பித்துவிடுங்கள்.

அடுத்தது, மொட்டையான சொற்கள். ‘விளையாட்டுத்தனம்’, ‘கேர்லெஸ்’, ‘ஸ்லோ’, ‘டாக்கட்டிவ்’. நாற்பது பேருக்கு மேல் இருக்கும் வகுப்பை வைத்துக்கொண்டு, காலை ஒன்பதிலிருந்து பேசிப் பேசித் தொண்டை கட்டிப் போன ஆசிரியைக்கு வாயில் வருவது இந்த நான்கு சொற்கள்தான். அவர்மேல் கோபப்படாதீர்கள், ஆனால் விட்டும்விடாதீர்கள். “எந்த நேரத்துல மிஸ்? எழுதும்போதா, வாசிக்கும்போதா? யார் பக்கத்துல உக்காரும்போது?” என்று கேளுங்கள். அவர் யோசிக்க ஆரம்பிப்பார். பதில் அன்றைக்கே வராவிட்டாலும் பரவாயில்லை, அடுத்த வாரம் வகுப்பில் உங்கள் பையன் பக்கம் அவர் கண் ஒருமுறை போகும்.

அரசுப் பள்ளியில் படிக்கிற பிள்ளை என்றால் இன்னும் சுலபமாகக் கேட்கலாம். 2022-23இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பிள்ளைகளை அவர்கள் இப்போது இருக்கும் நிலையை வைத்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துச் சொல்லித்தருகிறோம். முதலில் ஒன்றிலிருந்து மூன்றாம் வகுப்புவரை இருந்தது, அடுத்த வருடம் நான்கு, ஐந்துக்கும் வந்தது. “என் பொண்ணு தமிழ்ல எதுல இருக்கா? அடுத்ததுக்குப் போக என்ன பாக்கி?” இந்த ஒரு கேள்வி போதும். சில அம்மாக்கள் அரும்பு என்றதும் முகம் வாடிப்போகிறார்கள். அவமானப்பட அதில் ஒன்றுமில்லை, இரண்டெழுத்துச் சொல் வாசிக்கிறாளா, வரி வாசிக்கிறாளா என்கிற கணக்கு அது, அவ்வளவே.

இனி, நான் செய்த தப்பு. வேலைக்கு வந்த இரண்டாம் வருடம். நாலாம் வகுப்புப் பையன் ஒருவனின் அப்பா வந்திருந்தார். பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருக்கும்போதே ஆரம்பித்துவிட்டேன். வீட்டுப்பாடம் எழுதுவதில்லை, பக்கத்துப் பையன் பென்சிலை எடுத்துவிட்டான், பிரேயரில் பேசுகிறான். அவர் கையைக் கும்பிட்டபடி எழுந்து, “கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிங்க டீச்சர், ஏன்னு ஒரு வார்த்த கேக்க மாட்டேன்” என்றார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். நம் ஊரில் அது மரியாதைக்குச் சொல்லும் பேச்சு என்று எனக்குத் தெரியும். ஆனால் அவர் மரியாதைக்குச் சொல்லவில்லை. பையன் இரண்டு நாள் பள்ளிக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வந்தபோது கெண்டைக்காலில் பெல்ட் தடம் இருந்தது. அந்த வருடம் முடியும்வரை அவன் என்னிடம் ஒரு சந்தேகம்கூடக் கேட்கவில்லை.

அதே கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, பள்ளியில் பிள்ளையை அடிப்பதையும் மனம் நோகத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. நான் ஒரு அடிகூட அடிக்கவில்லை. ஆனால் அந்தத் தடத்தில் என் பங்கு இருக்கிறது. அதற்குப் பிறகு, பிள்ளையிடம் நேரில் பேசித் தீர்க்க முடிகிற எதையும் மீட்டிங்குக்குக் கொண்டுபோவதில்லை. பேசுவதும் ஒவ்வொருவராகத்தான். மற்றவர்கள் வராந்தாவில் உட்கார்ந்திருப்பார்கள்.

உங்களுக்கும் இது பொருந்தும். உங்கள் டீச்சர் புகாராகவே அடுக்கினால், “சரி மிஸ், இதுல ஒண்ணு மட்டும் சொல்லுங்க, இந்த மாசம் எதை முதல்ல பாக்கலாம்?” என்று நிறுத்துங்கள். வீட்டுக்குப் போனதும் “உன் மிஸ் உன்னப் பத்தி என்ன சொன்னாங்க தெரியுமா?” என்று ஆரம்பிக்காதீர்கள். அந்தப் பிள்ளை காலையிலிருந்து அந்தக் கேள்விக்குத்தான் பயந்துகொண்டிருக்கும்.

வராத பெற்றோரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் இதைப் படிக்கும் ஆசிரியர்களும் இருப்பார்கள். எங்கள் பக்கம் மல்லாட்டை (நிலக்கடலை) பிடுங்கும் சமயத்தில் மீட்டிங் வைத்தால் காலி பெஞ்சோடுதான் பேச வேண்டும். நூறு நாள் வேலைக்குப் போகும் அம்மாக்களுக்கு இரண்டு வேளை செயலியில் போட்டோ எடுக்கிறார்கள், இடையில் எழுந்து வந்தால் அன்றைய கூலி போய்விடும். ‘அக்கறை இல்லாத பெற்றோர்’ என்று நோட்டில் எழுதுவது சுலபம். நாங்கள் நேரத்தைச் சாயங்காலம் நாலரைக்கு மாற்றிய பிறகு வருகை கூடியது. அம்மா அப்பா சென்னையில் கட்டட வேலைக்குப் போயிருக்கும் வீடுகளில் ஆயாதான் (பாட்டி) வருவார். ஆயாவிடம் “அப்பாவ வரச் சொல்லு” என்று திருப்பி அனுப்பக் கூடாது. பிள்ளையை எழுப்பிச் சோறு போட்டு அனுப்புகிறவர் அவர். கையெழுத்து வாங்கும்முன் அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துக் காட்டிவிட்டு வாங்குங்கள்.

இன்னொன்று: பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தையும் இதையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய. அது பள்ளிக்கூடத்தைப் பற்றியது. சட்டப்படி அரசுப் பள்ளியில் அந்தக் குழுவின் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும். கழிவறை, தண்ணீர், சுற்றுச்சுவர் எல்லாம் அங்கே பேச வேண்டியவை. உங்கள் பையன் ‘ழ’வை ‘ல’ என்று எழுதுவது அங்கே பேச வேண்டியது அல்ல.

ஆனால் சில சமயம் இரண்டும் ஒன்றாகிவிடும். என் மகளின் பள்ளியில் போன ஆகஸ்டில் மீட்டிங். டோக்கன் 27. மேம் மார்க்கை எல்லாம் சொல்லி முடித்து, “எனி டவுட்ஸ்?” என்று அடுத்த ஆளைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். நான் துண்டுத் தாளை எடுத்தேன். ஒரே வரிதான்: தண்ணீர் பாட்டில் தினமும் நிரம்பியபடியே திரும்பி வருகிறது. வீட்டில் கேட்டால் “தாகமில்ல” என்கிறாள். அவருக்கு முதலில் புரியவில்லை. பிறகு, “இன்னும் ரெண்டு மூணு கேர்ள்ஸும் குடிக்கிறதில்ல, நான் சோம்பேறித்தனம்னு நினைச்சேன்” என்றார். மறுநாள் அவரே இடைவேளையில் போய்ப் பார்த்திருக்கிறார். நான்காம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்கான கழிவறை மூன்றில் இரண்டுக்கு உள்தாழ்ப்பாள் இல்லை. மற்றொன்றில் பெரிய வகுப்புப் பிள்ளைகள் வரிசை. போகாமல் இருக்க வேண்டும் என்றால் குடிக்காமல் இருக்க வேண்டும். ஒன்பது வயதுப் பிள்ளைகள் யாரும் சொல்லித்தராமல் இந்தக் கணக்கைப் போட்டிருக்கிறார்கள்.

பள்ளி நிர்வாகம் முதலில் “நோட்டட்” என்று டைரியில் ஒரு ஸ்டாம்ப் மட்டும் அடித்து அனுப்பியது. நான் இரண்டு வாரம் கழித்து மேமுக்கு ஒரு மெசேஜ் போட்டேன், சண்டையாக இல்லை, “என்ன ஆச்சு மேம்?” என்று மட்டும். (இது முக்கியம். மீட்டிங்கில் பேசியதை இரண்டு வாரம் கழித்து ஒரு வரியில் கேளுங்கள். இல்லையென்றால் பேசியது பேசியதோடு போகும்.) அவர் பாவம், தன் பங்குக்கு அலுவலகத்தை இரண்டு முறை கேட்டிருந்தார். மூன்றாவது வாரம் தாழ்ப்பாள் வந்தது. இடைவேளையில் சின்ன வகுப்புகளை ஐந்து நிமிடம் முன்னால் விட அவரே ஏற்பாடு செய்தார்.

பாட்டில் இப்போது பாதி காலியாக வருகிறது.