மாரியில் கதவைச் சாத்தி வைக்காதீர்கள், தங்கச்சி

தங்கச்சி, நீங்கள் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். ஆடியில் வந்து இறங்கினோம், மண்டபம் அகதி முகாமில் இருக்கிறோம், பிள்ளைகள் இரண்டு, அவர் பெயிண்ட் அடிக்கப் போகிறார் என்று சொல்லியிருக்கிறீர்கள். "மாரி தொடங்கப் போகுது அக்கா, இந்தப் பக்கம் மழைக்காலம் எப்படி, வேலை கிடைக்குமா, ஊர்ச்சனம் எங்களோடு பழகுமா" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் 1990இல் இலங்கையின் பேசாலையிலிருந்து வந்தவள். வரும்போது எனக்குப் பதினொரு வயது. பிறகு கலியாணம் முடித்தது பாம்பனில், கடல் தொழில் செய்கிற வீட்டில். முப்பது மாரிக்கு மேல் இங்கே பார்த்துவிட்டேன், அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

காற்றை உங்களுக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று நம் அப்பாமார் சொன்ன அதே பேர்கள்தான் இங்கேயும். நிலக்கடலையை நாம் கச்சான் என்போமே, அதைக் கடையில் போய்க் கேட்டால்தான் விளங்காது, கடலை என்று கேளுங்கள். ஐப்பசியில் வாடை எழும்பினால் வடகடல் கலங்கிவிடும். பாக் நீரிணைப் பக்கத்தை வடகடல் என்பார்கள், மன்னார் வளைகுடாப் பக்கம் தென்கடல். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற நிலம் சில இடங்களில் நடந்தே கடந்துவிடுகிற அகலம்தான். அதனால் வாடை மாதங்களில் வத்தை, வள்ளம் என்று சிறு படகு வைத்திருப்பவர்கள் பலர் தென்கரைக்கு மாற்றிக்கொண்டு போய்த் தொழில் பார்ப்பார்கள். கச்சான் காலம் வந்தால் திரும்ப வடக்கே வருவார்கள். "இன்றைக்கு எந்தக் கடல்?" என்று ஒருவரை ஒருவர் கேட்பது உங்கள் காதில் விழும். அதுதான் இங்கே அந்த மாதங்களின் முதல் விசாரிப்பு.

அடுத்தது கூண்டு. பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவார்கள். 1 என்றால் தூரக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு ஒன்று உருவாகியிருக்கிறது என்று பொருள். 3 ஏறினால் பலத்த காற்று இங்கேயே அடிக்கலாம். கூண்டு ஏறிவிட்டது என்றால் கடலுக்குப் போக டோக்கன் கொடுக்கமாட்டார்கள், படகெல்லாம் கரையில் நிற்கும். சில வருஷம் கார்த்திகையில் பத்து நாள் தொடர்ந்து நிற்கும். அந்தப் பத்து நாளும் மீன் இல்லை, கையில் காசும் இல்லை. ஊர் முழுவதும் கடையில் கடன் கொப்பி போட்டுத்தான் சாமான் வாங்கும். நீங்கள் கடன் சொல்ல வெட்கப்படாதீர்கள். தை மாதம் எல்லோரும் அடைக்கிறோம், நாமும் அடைப்போம் என்று கடைக்காரருக்குத் தெரியும்.

குளிரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். போர்வைக்குள் நடுங்குகிற குளிர் இல்லை. ஈரமும் வாடையும் சேர்ந்து அடிக்கிறதுதான் பிள்ளைகளை வாட்டும். சின்னவனுக்கு மூச்சிழுப்பு இருக்கிறது என்றீர்களே, தரையில் படுக்க வைக்காதீர்கள், பலகையோ கட்டிலோ எப்படியாவது ஏற்பாடு செய்யுங்கள். மழை சும்மா தூறிவிட்டுப் போகும் என்றும் நினைக்காதீர்கள். 2024 நவம்பர் 20ஆம் தேதி ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. எங்கள் தெருவில் பானைகள் மிதந்தன. அதனால் புரட்டாசி முடியுமுன் கூரையைப் பாருங்கள், தார்ப்பாய் ஒன்று வாங்கி வையுங்கள். கருவ விறகு காய்ந்ததாகப் பார்த்து ஒரு மூலையில் அடுக்கிவிடுங்கள், நனைந்த கருவை புகைந்து கண்ணைக் கெடுக்கும். கருவாடும் இப்போதே வாங்குங்கள், வெயில் போனால் காய வைக்க வழியில்லாமல் விலை ஏறிவிடும். கொசுவைச் சொல்லவே வேண்டாம், தண்ணீர் தேங்க விடாதீர்கள். ஒரு நல்லதும் உண்டு. இரண்டு மழை ஊறியபிறகு கிணற்றில் உப்பு குறைந்துவிடும். கோடையில் வாயில் வைக்க முடியாத தண்ணீர் மார்கழியில் தேத்தண்ணிக்கே ஆகும்.

வேலை. பெயிண்ட் வேலை மழையில் நின்றுவிடும், சுவர் காயாது. அதை இப்போதே கணக்கில் எடுத்து, கிடைக்கிற பணத்தில் ஒரு பங்கைத் தனியே வையுங்கள். உங்களுக்கு நண்டு கழற்றுகிற வேலை இருக்கிறது. விசைப்படகு திங்கள், புதன், சனி போகும், மறுநாள் விடியத் திரும்பும். நண்டு வலைக்காரர்களின் வள்ளம் வரும் நேரம் வேறு. வலையோடு நண்டை மணலில் இறக்குவார்கள், பெண்கள் சுற்றி உட்கார்ந்து கழற்றுவோம். கால் ஒடிந்தால் விலை குறையும், ஆகையால் முதல் இரண்டு நாள் யாராவது அனுபவக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பாருங்கள். பேசாலைக் கைக்கு இது வெகு சீக்கிரம் வரும். கூலியோடு சின்ன நண்டு நாலைந்து தருவார்கள். முண்டு மிளகாயைக் கிள்ளிப் போட்டு ரசம் வைத்தால் பிள்ளைகளின் சளிக்கு அதைவிட மருந்து இல்லை. முகாமில் ஆள் கணக்கெடுப்பு நாளில் மட்டும் எங்கேயும் போய்விடாதீர்கள், உதவித்தொகை அன்றைய வருகையோடுதான் போகும்.

இனி நீங்கள் கடைசியாகக் கேட்டது. சனம் பழகுமா?

நாங்கள் வந்த முதல் மாரியில் அம்மா கதவைச் சாத்திவிட்டாள். எங்களுக்குக் கொடுத்திருந்த அறையில் நாலு இடத்தில் ஒழுகியது. ஒரு அலுவலகத்தில் "வந்தவர்களுக்கு இவ்வளவு போதும்" என்று யாரோ சொன்னது அம்மாவின் காதில் விழுந்திருக்கிறது. அதிலிருந்து யார் வாசலில் நின்றாலும் அவள் நிமிர்ந்து பார்ப்பதில்லை. ஐந்து நாள் விடாத மழை. அடுப்பு எரியவில்லை, தம்பிக்குக் காய்ச்சல். ஐந்தாம் நாள் முகாமுக்கு வெளியே இருந்து ஒரு அம்மா, தலையில் சாக்கை மடித்துப் போட்டுக்கொண்டு, தூக்குவாளியில் கஞ்சி கொண்டுவந்தார். அம்மா வாங்கவில்லை. அந்த அம்மா கோபப்படவும் இல்லை, திரும்பிப் போகவும் இல்லை. திண்ணையில் உட்கார்ந்து, "எங்க அப்பா தனுஷ்கோடி. 64 புயல்ல எல்லாம் போச்சு. நாங்களும் ஒரு மார்கழியில யார் வீட்டுக் கஞ்சியோ குடிச்சவங்கதான்" என்றார். அம்மா அழுதாள். ஊரை விட்டு வந்தபிறகு அவள் அழுதது அதுதான் முதல் தடவை.

1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலை நம் பக்கத்து ஆச்சிமாரும் சொல்வார்கள், தலைமன்னாரையும் அது விட்டுவைக்கவில்லை. தனுஷ்கோடி அழிந்தது, பயணிகளோடு ரயிலைக் கடல் கொண்டுபோனது. இந்தக் கரைச் சனத்துக்கு வீடு இழப்பது என்றால் என்னவென்று நாம் விளக்கவேண்டாம். டிசம்பர் பிறந்தால் வயதானவர்களிடம் அந்த இரவைப் பற்றிக் கேளுங்கள். கேட்டால் உட்காரச் சொல்வார்கள், உங்கள் கதையையும் கேட்பார்கள்.

கோடையில் இந்த ஊர் ஓடிக்கொண்டே இருக்கும், யாருக்கும் நின்று பேச நேரமில்லை. மாரியில்தான் ஆண்கள் கரையில் உட்கார்ந்து கிழிந்த வலை பொத்துவார்கள், பெண்கள் வாசலில் இருப்பார்கள். வீட்டுக்காரரை வலை பொத்துகிற இடத்துக்கு அனுப்புங்கள். ஊசியைக் கையில் எடுத்து நாலு கண் முடிந்தால் போதும், எந்த ஊர், யார் மகன் என்று பேச்சு தானாகத் தொடங்கும். யார் வீட்டிலாவது சாவு என்றால் மழை என்று பார்க்காமல் போய் நில்லுங்கள். கலியாணத்துக்கு அழைப்பு வேண்டும், சாவுக்கு வேண்டாம்.

கார்த்திகையில் சொக்கப்பனை கொளுத்துவார்கள், பையன்கள் மாவளி சுற்றுவார்கள், பிள்ளைகளை அனுப்புங்கள். நீங்கள் சைவக்காரர் என்றால் மார்கழித் திருவாதிரைக்கு உத்தரகோசமங்கைக்குப் போகவேண்டும். மரகத நடராசருக்கு வருஷம் முழுவதும் சந்தனம் பூசியிருக்கும், அந்தச் சமயத்தில்தான் சந்தனம் களைந்த திருமேனியைப் பார்க்கலாம். நாங்கள் கிறிஸ்தவ வேதக்காரர், எங்களுக்குக் குடில் கட்டுகிற மாதம். பாம்பன் வீடுகளில் வைக்கோலுக்குப் பதிலாகக் கடற்கரைப் புல்லைப் போட்டுக் குடில் கட்டுவோம், பக்கத்துத் தெருப் பிள்ளைகள் எல்லா மதத்திலிருந்தும் பார்க்க வருவார்கள். தையில் தனுஷ்கோடிப் போகிற வழியில் ஆழமில்லாத தண்ணீரில் பூநாரைகள் நிற்கும். ஒரு நாள் பேருந்தில் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். அங்கிருந்து தலைமன்னார் ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான். அதைப் பிள்ளைகளிடம் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். நான் என் பிள்ளைகளிடம் சொன்னேன்.

பொங்கலுக்குப் பனங்கிழங்கு கட்டுக் கட்டாக வரும். இங்கே அவித்துத்தான் சாப்பிடுவார்கள், நம்மைப்போல் பச்சைக் கிழங்கைக் காயவைத்து ஒடியல் போடுவது குறைவு. எனக்கு அது வருஷக்கணக்காக ஒரு ஏக்கமாகவே இருந்தது. ஒரு மாசியில் கச்சத்தீவு அந்தோனியார் திருவிழாவுக்கு என் வீட்டுக்காரர் போனார். எனக்குப் போக இந்திய அடையாள அட்டை இல்லை, இன்னும் அகதியாகக் காவல் நிலையப் பதிவில்தான் இருக்கிறேன். அங்கே என் சித்தியைத் தேடிக் கண்டுபிடித்து, நான் இப்படி இப்படி இருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். சித்தி சீலைத்துண்டில் முடிந்த ஒடியல் கொடுத்துவிட்டார். அதைப் பார்த்து மாமி, "இதை எப்படிச் செய்வது என்று சொல்லு, நம் பனையிலும் கிழங்கு இருக்கிறதே" என்றார். அந்த வருஷத்திலிருந்து எங்கள் முற்றத்திலும் ஒடியல் காய்கிறது.

போன தையில் காயவைத்ததில் இன்னும் ஒரு போத்தல் மா இருக்கிறது. முதல் கூண்டு ஏறுகிற அன்றைக்கு எங்கள் வீட்டில் கூழ் காய்ச்சுவோம். முகாமில் சொல்லிவிட்டுப் பகலில் வாருங்கள், பொழுது சாயுமுன் பேருந்தில் திரும்பிவிடலாம். பிள்ளைகளுக்கு மாற்றுச் சட்டை எடுத்து வாருங்கள், எங்கள் தெருவில் இறங்கினால் முழங்கால்வரை தண்ணீர் நிற்கும்.