றேடியோவா, பாட்டுச் செயலியா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இணைய றேடியோ பற்றியும் ஸ்பொட்டிஃபை போன்ற பாட்டுச் செயலிகள் பற்றியும் வந்த கடிதங்களில் எட்டை இந்த இதழுக்கு எடுத்திருக்கிறோம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: அம்மா விடிய எழும்பினால் மத்தியானச் சமையல் முடியும்வரை குசினியில் போனில் றேடியோ போட்டுவிடுவா. மாதம் 5 ஜிபி டேட்டா 21ஆம், 22ஆம் திகதியோடு முடிந்துவிடுகிறது. கனடாவில் இருக்கும் தம்பி, "ஸ்பொட்டிஃபை எடுத்துத் தாறன், அதுக்கு டேட்டா குறையத்தான் போகும்" என்கிறான். உண்மையா? (கொக்குவில் வாசகி)

பதில்: தம்பி சொல்வதில் பாதி சரி. எந்தச் செயலியாக இருந்தாலும், ஒலி நொடிக்கு எத்தனை கிலோபிற்றில் வருகிறது என்பதுதான் கணக்கு. அந்த எண்ணை 0.45ஆல் பெருக்குங்கள், ஒரு மணித்தியாலத்துக்கு எத்தனை மெகாபைற் என்று வந்துவிடும். 128 கிலோபிற்றில் வரும் நிலையத்துக்கு மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 58 மெகாபைற். நாளுக்கு 4 மணித்தியாலம் என்றால் 230. 5 ஜிபி 22ஆம் நாள் முடியும். அம்மாவின் கணக்கு அச்சொட்டாகப் பொருந்துகிறது. அதே நிலையம் 64 கிலோபிற்றிலும் ஒலிபரப்பினால் அதைத் தெரிவு செய்யுங்கள். மாதம் முழுக்கக் கேட்டாலும் ஏறக்குறைய 3.5 ஜிபிதான். பேச்சுக்கும் செய்திக்கும் 64 தாராளம்.

ஸ்பொட்டிஃபையில் நீங்களே அளவைக் குறைக்கலாம். செற்றிங்ஸில் ஒலித்தரம் பற்றிய பகுதியில் வைபைக்கு ஒன்று, மொபைல் டேட்டாவுக்கு ஒன்று என்று தனித்தனியாக வைக்க இடம் உண்டு. ஆகக் குறைந்தது 24 கிலோபிற், சாதாரணம் 96, உயர்தரம் 160. 320 காசு கட்டுபவர்களுக்கு மட்டும். 24இல் வைத்தால் மணித்தியாலத்துக்கு 11 மெகாபைற்தான், ஆனால் அதில் நாதஸ்வரம் கேட்காதீர்கள், தகரம் தட்டின மாதிரி இருக்கும். காசு கட்டினால் வேறொரு வசதியும் உண்டு: வைபை உள்ள இடத்தில் பாட்டுகளை இறக்கி வைத்துவிட்டால் பிறகு கேட்கும்போது டேட்டாவே போகாது. ஒரு போனில் 10,000 பாட்டு வரை வைக்கலாம். 30 நாளுக்கு ஒருமுறையாவது இணையத்தோடு இணைக்க வேண்டும், இல்லாவிட்டால் இறக்கி வைத்தவை மறைந்துவிடும்.

தம்பி தன் குடும்பத் திட்டத்தில் அம்மாவைச் சேர்க்க நினைத்தால் அது சரிவராது. அந்தத் திட்டத்தில் எல்லோரும் ஒரே விலாசத்தில் வசிக்க வேண்டும் என்பது நிபந்தனை. 2021 பெப்ரவரியிலிருந்து ஸ்பொட்டிஃபை இலங்கையிலும் கிடைக்கிறது. இங்கத்தைய கணக்காகவே எடுங்கள், கட்டணமும் கனடாவைவிடக் குறைவு.

இதெல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கேள்வி. அம்மா கேட்பது சூரியன், சக்தி, வசந்தம் போன்ற நிலையங்கள் என்றால் அவை எஃப்எம்மில் சும்மா வருகின்றனவே! ஆகாயத்தில் வருவதை டேட்டா கொடுத்து வாங்கத் தேவையில்லை. குசினி யன்னலோரம் ஒரு சின்ன எஃப்எம் பெட்டி போதும். சில போன்களிலும் எஃப்எம் உண்டு. வயர் உள்ள இயர்போனைச் செருகினால்தான் வேலை செய்யும், அந்த வயர்தான் அன்ரெனா.

கேள்வி: போனைப் பூட்டி மேசையில் வைத்தால் பத்து நிமிடத்தில் றேடியோ தானாக நின்றுவிடுகிறது. யூரியூப்பும் அப்படித்தான். (சுன்னாகம்)

பதில்: இரண்டும் ஒன்றல்ல. யூரியூப் திரை அணைந்தால் நிற்பது அதன் விதி. காசு கட்டினால்தான் பின்னணியில் ஓடும். திரையை அணைக்காமல் பாட்டுக் கேட்பவர்கள் படத்துக்கும் சேர்த்து டேட்டா கொடுக்கிறார்கள், அது ஒலியைப்போலப் பல மடங்கு.

றேடியோ நிற்பதற்குக் காரணம் போனின் பற்றரிச் சிக்கனம். அன்ரோயிட் போனில் செற்றிங்ஸ், அப்ஸ், உங்கள் றேடியோச் செயலி, பற்றரி என்று போய் 'கட்டுப்பாடு இல்லை' என்பதைத் தெரிவு செய்யுங்கள். சில சீனத் தயாரிப்புகளில் இது போதாது, 'தானாகத் தொடங்குதல்' என்பதையும் அனுமதிக்க வேண்டும். டேட்டா சேவர் போட்டிருந்தால் அதிலும் இந்தச் செயலிக்கு விலக்குக் கொடுங்கள்.

கேள்வி: குறிகட்டுவான் பஸ்ஸில் பண்ணைப் பாலம் தாண்டினால் றேடியோ விட்டுவிட்டு வரும். பக்கத்தில் இருப்பவர் ஸ்பொட்டிஃபையில் பாட்டு அறுபடாமல் கேட்கிறார். இருவருக்கும் ஒரே நெற்வேர்க். ஏன்? (வேலணை)

பதில்: அவருடைய போன், பாட்டுத் தொடங்கின கையோடு மிச்சப் பகுதியையும் முந்திக்கொண்டு எடுத்து வைத்துவிடுகிறது. 4 நிமிடப் பாட்டு 96 கிலோபிற்றில் 3 மெகாபைற்றுக்கும் குறைவு, நல்ல சிக்னலில் சில விநாடி வேலை. பிறகு சிக்னல் போனாலும் கையில் உள்ளது ஓடும். நேரடி றேடியோவில் அப்படி முந்த முடியாது. அறிவிப்பாளர் இன்னும் சொல்லாத சொல்லைப் போன் எங்கே போய் எடுப்பது? செயலி கையிருப்பில் வைத்திருப்பது சில விநாடி ஒலி மட்டும். அது தீர்ந்தால் மௌனம்.

கையிருப்பைக் கூட்ட வழி உண்டு. விஎல்சி செயலியில் நிலையத்தின் இணைய ஒலிபரப்பு முகவரியைப் போட்டுக் கேட்டால், மேம்பட்ட செற்றிங்ஸில் நெற்வேர்க் கையிருப்பை மில்லிவிநாடியில் மாற்றலாம். 10000 என்று கொடுத்தால் 10 விநாடி. றேடியோ தொடங்க அவ்வளவு பிந்தும், ஆனால் சின்னச் சின்ன இடைவெளிகளைத் தாங்கும். குறிகட்டுவானில் இறங்கி நெடுந்தீவுப் படகில் ஏறுபவர்களுக்கு 10 விநாடி எந்த மூலைக்கு? அவர்கள் முதல்நாள் இரவே பாட்டுகளை இறக்கி வைத்துக்கொண்டு போவதுதான் புத்தி. பல பக்கேஜ்களில் நள்ளிரவுக்குப் பிறகு தனி டேட்டா இருக்கிறது, கேட்காமலே காலாவதியாகும் அந்த டேட்டா இதற்கு உதவும்.

கேள்வி: மகன் லண்டனில் இருந்து நல்ல வைபை றேடியோப் பெட்டி ஒன்று கொண்டுவந்தான். அங்கே நூறு நிலையம் எடுத்ததாம். இங்கே ஒன்றும் எடுக்கவில்லை. கஸ்ரம்ஸில் விழுத்திப்போட்டார்களோ? (நல்லூர்)

பதில்: பெட்டியில் பிழை இல்லாமலும் இருக்கலாம். லண்டனில் அது எடுத்தது பெரும்பாலும் 'டிஏபி' என்னும் டிஜிற்றல் ஒலிபரப்பு. இங்கே அது வராது, ஆகவே அந்தப் பொத்தானை மறந்துவிடுங்கள். எஃப்எம் பொத்தானை அழுத்தி அன்ரெனாவை இழுத்துப் பாருங்கள், அது எடுத்தால் பெட்டி உயிரோடு இருக்கிறது.

இனி வைபை. பழைய பெட்டிகள் பல 2.4 கிகாஹேட்ஸ் அலையில் மட்டும் சேரும். உங்கள் றூட்டர் 5 கிகாஹேட்ஸுக்கு வேறு பெயர் வைத்திருந்தால் அந்தப் பெயர் பெட்டியில் தெரியவே தெரியாது. 2.4க்கு உரிய பெயரைத் தெரிவு செய்து, குமிழைத் திருகித் திருகிக் கடவுச்சொல்லைப் போடுங்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து கவனம், பலர் தவறுவது இதில்தான்.

வைபையில் சேர்ந்தும் நிலையப் பட்டியல் வரவில்லையா? இந்தப் பெட்டிகள் நிலையங்களின் முகவரிகளைத் தங்களுக்குள் வைத்திருப்பதில்லை. ஒவ்வொரு முறையும் ஒரு நிறுவனத்தின் பட்டியலைக் கேட்டு வாங்குகின்றன. 'றெசிவா' என்ற பட்டியல் 2021இல் மூடப்பட்டது. அதை நம்பியிருந்த பெட்டிகள் பல இணைய நிலையங்களை எடுக்க முடியாமல் ஊமையாகின. வேறு சில தயாரிப்புகள் 2019இல் 'வீரியூனர்' பட்டியலை விட்டு 'எயரபிள்' பட்டியலுக்கு மாறின. அவற்றில் பட்டியல் வரும், ஆனால் முன்பு சேமித்த நிலையங்களைத் திரும்பத் தேடிச் சேமிக்க வேண்டும். உங்களுடையது முதலாவது ரகம் என்றால் பெட்டியின் பின்னால் 'ஓக்ஸ்' துளை இருக்கிறதா பாருங்கள். 3.5 மில்லிமீற்றர் வயரால் போனைக் கொழுவினால் அது நல்லதொரு ஸ்பீக்கர்.

லண்டன் மின்சாரமும் நம்முடையதும் 230 வோல்ற்தான். கனடாவிலிருந்து கொண்டுவருபவர்கள்தான் அடப்ரரில் 100–240 என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் செருக வேண்டும். 120 மட்டும் இருந்தால் செருகின உடனே புகைதான்.

கேள்வி: என் சலூனில் ஸ்பொட்டிஃபை போட்டிருக்கிறேன். காசும் கட்டுகிறேன். பிரச்சினை வருமா? (சாவகச்சேரி)

பதில்: நீங்கள் கட்டுவது தனிப்பட்ட பாவனைக்கு உரிய காசு, கடையில் வாடிக்கையாளர் கேட்கப் போடுவதை அதன் நிபந்தனை அனுமதிக்கவில்லை. அப்பிள் மியூசிக்கும் அப்படியே. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் பொது இடத்தில் இசை போடும் உரிமையைத் தனியாகவே வைத்திருக்கிறது, ஆகவே றேடியோ போட்டாலும் அந்தக் கேள்வி முழுதாகத் தீராது. நடைமுறைச் சிக்கல் வேறு இருக்கிறது. ஒரு கணக்கில் ஒரு நேரத்தில் ஓர் இடத்தில்தான் பாட்டு ஓடும். வீட்டில் மகள் அதே கணக்கில் பாட்டைத் தட்டினால் சலூனில் பாட்டு நின்றுவிடும், பாதி மீசையோடு இருப்பவர் நிமிர்ந்து பார்ப்பார்.

கேள்வி: நல்லூர்த் திருவிழா நேரடி ஒலிபரப்பை இணையத்தில் கேட்கிறோம். வீட்டுக்குக் கோயில் மணி காதால் கேட்டு அரை நிமிடம் கழித்துத்தான் போனில் மணி அடிக்கிறது. (நல்லூர் பின்வீதி)

பதில்: பழுது இல்லை. இணைய ஒலிபரப்பு ஒலியைச் சில விநாடித் துண்டுகளாக வெட்டி அனுப்புகிறது. உங்கள் போன் இரண்டு மூன்று துண்டு சேர்ந்த பிறகுதான் தொடங்கும். நடுவில் றூட்டர் தடங்கினால் இன்னும் பிந்தும். நிற்பாட்டித் திரும்பப் போட்டால் கொஞ்சம் கிட்ட வரும். எஃப்எம்மில் போனால் இந்தத் தாமதம் வெகுவாகக் குறையும். அவ்வளவு கிட்ட இருப்பவர்கள் யன்னலைத் திறந்து வைக்கலாம்.

கேள்வி: எழுபதுகளின் பாட்டு ஒரு காதில்தான் கேட்கிறது. சில பாட்டுகள் தேடினால் வேறு யாரோ பாடினது வருகிறது. ஈழத்துப் பொப் பாட்டுகள் வருவதேயில்லை. (பருத்தித்துறை)

பதில்: முதலாவதற்கு மருந்து சுலபம். ஸ்ரீரியோ புதிதாக வந்த காலத்துப் பதிவுகள் சிலவற்றில் குரலை ஒரு பக்கமும் வாத்தியத்தை மறுபக்கமும் ஒதுக்கியிருப்பார்கள். ஒற்றை இயர்பட்டில் கேட்டால் பாதிப் பாட்டுக் காணாமல் போகும். போனின் செற்றிங்ஸில் 'அணுகல்வசதி' பகுதியில் 'மோனோ ஓடியோ' இருக்கிறது, அதைப் போடுங்கள். ஒரு காது மந்தமானவர்களுக்கும் இது பெரிய உதவி.

தேடும்போது பாட்டின் முதலடியை மட்டும் போடாமல் படத்தின் பெயரையும் இசையமைப்பாளரையும் சேருங்கள். தமிழில் வராவிட்டால் ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று விதமாக எழுதிப் பாருங்கள், 'ழ'வை ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாக எழுதியிருப்பார்கள். அல்பத்தைத் திறந்து, பாடியவர் பெயரையும் நீளத்தையும் பார்த்தபின் சேமியுங்கள். ஈழத்துப் பாட்டுகளில் செயலிகள் இன்னும் வறுமைதான். பழைய இசைத்தட்டு, கசற் வைத்திருந்தவர்கள் யூரியூப்பில் ஏற்றியவையும் புலம்பெயர் றேடியோக்களின் சனி, ஞாயிறு நிகழ்ச்சிகளும்தான் இப்போதைக்கு வழி. அந்த றேடியோக்களை 'றேடியோ கார்டன்' செயலியில் உலக உருண்டையைத் திருப்பி ஊர் ஊராகத் தேடலாம். நேரத்தைக் கணக்குப் பாருங்கள்: ரொறன்ரோவில் மாலை 7 மணி நிகழ்ச்சி நமக்குக் கோடையில் விடிய 4.30, அங்கே குளிர்காலத்தில் 5.30. நவம்பரில் நிகழ்ச்சியைத் தவறவிடுபவர்கள் பெரும்பாலும் இதை மறந்தவர்கள்.

சேமித்த நிலையம் திடீரென்று வேலை செய்யாவிட்டால் நிலையம் மூடிவிட்டது என்று எண்ணாதீர்கள். ஒலிபரப்பு முகவரியை மாற்றியிருப்பார்கள். பெயரால் திரும்பத் தேடிச் சேமியுங்கள். வீட்டில் எடுத்து அலுவலக வைபையில் எடுக்காத நிலையம் என்றால், அந்த நிலையம் 8000 போன்ற வழக்கத்துக்கு மாறான போர்ட்டில் (இணையத் தரவு வந்துபோகும் வாசல் எண்) வருவதும் அலுவலகம் அதை அடைத்து வைத்திருப்பதும் காரணமாக இருக்கலாம். மொபைல் டேட்டாவில் போட்டால் தெரிந்துவிடும்.

கேள்வி: மாரி தொடங்கினால் கறண்ட் போகும். அப்போது என்ன செய்ய? (கிளாலி)

பதில்: கறண்ட் போனால் முதலில் சாவது றூட்டர். 12 வோல்ற் றூட்டருக்கென்றே சின்ன யூபிஎஸ் விற்கிறார்கள். றூட்டரின் அடியில் எழுதியிருக்கும் வோல்ற், அம்பியர் அளவைப் பார்த்து வாங்குங்கள். அது றூட்டரைச் சில மணித்தியாலம் காப்பாற்றும், போன் கோபுரத்துக்குக் கறண்ட் இருக்கும்வரை. புயல் எச்சரிக்கை நாளில் அதை நம்பி இருக்காதீர்கள். பற்றரியில் ஓடும் எஃப்எம் பெட்டி ஒன்றும் இரண்டு சோடி பற்றரியும் வீட்டில் இருக்கட்டும். மழை விட்டதும் பற்றரியைக் கழற்றி வையுங்கள். உள்ளேயே விட்டால் அடுத்த மாரிக்குள் ஒழுகி, பச்சைப் பூப்பிடித்து, ஸ்பிறிங்கையும் தின்றுவிடும்.