எந்தத் திசையில் இருக்கிறது அந்த ஊர்?

அன்புள்ள ஐயா,

செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறேன். வயது 24. சனி, ஞாயிறு என்றால் எனக்குக் கால்பந்துதான். லண்டன் அணியான ஆர்சனல் ஆடும் ஆட்டம் ஒன்றையும் விடமாட்டேன். சமீபத்தில் ஒரு ஞாயிறு தோற்றுவிட்டார்கள். ராத்திரி சோறு இறங்கவில்லை. தாய்மாமா பார்த்துவிட்டுக் கேட்டார், "அந்த ஊரு எந்தத் திசையில இருக்குன்னாவது உனக்குத் தெரியுமாடா? எவனோ தோத்ததுக்கு நீ ஏன் சாப்பிடாம கிடக்கற?" எனக்குப் பதில் வரவில்லை.

நீங்களும் இன்னொரு இங்கிலாந்து அணியான லிவர்பூலின் ரசிகர் என்று எழுதியிருக்கிறீர்கள். நமக்கு இருக்கும் இந்தப் பிரியம் உண்மையானதுதானா, இல்லை டிவி பார்த்துப் பார்த்து வந்த பழக்கமா? இன்னொன்றும் கேட்க வேண்டும். நம் நாட்டு ஆட்டங்களைப் பாருங்கள் என்று சொல்கிறீர்கள். இரண்டு தடவை முயற்சி செய்தேன். வேகம் இல்லை, பாஸ் சரியில்லை, பாதியில் அணைத்துவிட்டேன். கட்டாயத்துக்காகப் பார்க்க வேண்டுமா?

இப்படிக்கு,
உங்கள் வாசகன், சேலம்

அன்புள்ள தம்பி,

உங்கள் பிரியம் உண்மையானதுதான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். சோறு இறங்காமல் போவதை யாரும் பழகிக்கொண்டு வர முடியாது. அந்த ஊரின் திசை தெரியாவிட்டாலும் அதன் கடிகாரம் உங்களுக்குத் தெரியும். மார்ச் கடைசி ஞாயிறன்று லண்டனில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைத்தால், இங்கே 8.30 மணி ஆட்டம் 7.30 ஆகிவிடும் என்பதைப் பட்டறையில் உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் மாமா கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. அது எனக்குப் புரிந்தது 2019 மார்ச்சில் ஒரு சனி, ஞாயிறில்.

மார்ச் 9, சனிக்கிழமை. நம் நாட்டுக் கால்பந்து லீக்கான ஐ-லீக்கின் கடைசி நாள். சென்னை சிட்டி 40 புள்ளி, ஈஸ்ட் பெங்கால் 39. ஜெயித்தால் மூன்று புள்ளி, சமனில் முடிந்தால் ஒன்று. பெயர்தான் சென்னை, அந்த அணி தன் சொந்த மைதானமாக வைத்திருந்தது கோவை நேரு ஸ்டேடியத்தை. எதிரே, முந்தின வருஷம் கோப்பை வாங்கிய மினர்வா பஞ்சாப். அதே மாலை ஐந்து மணிக்குக் கோழிக்கோட்டில் கோகுலம் கேரளாவோடு ஈஸ்ட் பெங்கால். ஒரு இடத்து முடிவு தெரிந்துகொண்டு இன்னொரு இடத்தில் ஆடிவிடக் கூடாதே, அதனால் கடைசி நாளில் இப்படி ஒரே நேரத்தில் வைப்பார்கள்.

காலையிலேயே ஏற்காட்டிலிருந்து இறங்கிவிட்டேன். இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, சேலம் புது பஸ் ஸ்டாண்டில் கோவை பஸ் ஏறினேன். சங்ககிரி, பவானி, பெருந்துறை, அவிநாசி. அதுவரை இருபது வருஷமாகக் கால்பந்து பார்த்தவன் நான். ஒரு பெரிய ஆட்டத்தைக் கேலரியில் உட்கார்ந்து பார்த்ததில்லை.

மூன்றாவது நிமிடத்திலேயே மினர்வாவின் பிலாலா கோல் அடித்துவிட்டார். கேலரி அப்படியே அடங்கிப்போனது. அந்த அமைதியில்தான் ஒன்றைக் கவனித்தேன். டிவியில் கேமரா பந்தின் பின்னாலேயே ஓடுகிறது. நம் கண்ணையும் இழுத்துக்கொண்டு போகிறது. இங்கே என்னை இழுக்க யாரும் இல்லை. பந்து அந்தப் பக்கம் இருக்கும்போது இந்தப் பக்கம் நான்கு டிஃபென்டர்கள் ஒரே கயிற்றில் கட்டியதுபோல முன்னே வருவதும் பின்னே போவதும் தெரிந்தது. கோல்கீப்பர் ஓயாமல் கத்திக்கொண்டே இருந்தார். ஒருவர் பாஸ் கொடுக்கும் முன்பே இன்னொருவர் அது வரப்போகும் இடத்துக்குக் கிளம்பிவிடுகிறார். அந்தப் பாஸ் வராமலே போகலாம், ஆனாலும் ஓடுகிறார். கால்பந்தில் பெரும்பாலான ஓட்டம் பந்து கிடைக்காத ஓட்டம். இத்தனை வருஷம் நான் பார்த்ததில் அது இல்லவே இல்லை.

இரண்டாம் பாதியில் பெட்ரோ மான்சி பெனால்டியில் சமன் செய்தார். அந்த சீசனில் அவருக்கு அது 21வது கோல். அப்புறம் அஸ்ஸாம்காரர் கௌரவ் போரா இரண்டாவது கோலை அடித்தார். கேலரியில் பாதிப் பேர் கையில் போன். கோழிக்கோட்டுச் செய்தி வரிசை வரிசையாகக் கைமாறி வந்துகொண்டிருந்தது. கோகுலம் முன்னால் இருக்கிறது என்ற செய்தி வந்தபோது, மைதானத்தில் ஒன்றுமே நடக்காத நேரத்தில் ஒரு சத்தம் எழுந்தது பாருங்கள், ஆடிக்கொண்டிருந்தவர்களுக்கே காரணம் புரிந்திருக்காது. பிறகு ஈஸ்ட் பெங்கால் சமன் செய்தது. கடைசி நேரத்தில் இன்னொன்றும் அடித்து 2-1 ஆக்கிவிட்டது. இங்கே ஒரு கோல் வாங்கி ஆட்டம் சமனில் முடிந்தால் நமக்கு 41, அவர்களுக்கு 42. அந்தச் சில நிமிடங்கள் நான் மூச்சு விட்டேனா என்று நினைவில்லை. காயத்துக்கான கூடுதல் நேரத்தில் போராவே மூன்றாவது கோலையும் அடித்தார். பக்கத்தில் இருந்த, அதற்கு முன் பார்த்தேயிராத ஒரு பெரியவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும்தான். 43-42. தமிழ்நாட்டு அணி ஒன்று ஐ-லீக் சாம்பியன்.

திரும்பி வரும் பஸ்ஸில், இரவு 11 மணிக்குத் தொடங்கிய மான்செஸ்டர் சிட்டி - வாட்ஃபோர்டு ஆட்டத்தைப் போனில் பார்த்தேன். ஸ்டெர்லிங் 13 நிமிடத்துக்குள் மூன்று கோல் அடித்தார். முதல் கோலுக்கு லைன்ஸ்மேன் ஆஃப்சைடு கொடி தூக்கியும் ரெஃப்ரி கோல் என்றார். வீடியோ பார்த்து முடிவைச் சரிபார்க்கும் விஏஆர் அங்கே அடுத்த சீசனில்தான் வந்தது. கோப்பைக்குச் சிட்டியோடு போட்டியில் இருந்த லிவர்பூலின் ரசிகனான எனக்கு அது வயிற்றெரிச்சல். அதற்குமேல் மலைக்குப் பஸ் கிடையாது என்பதால் அஸ்தம்பட்டியில் தங்கை வீட்டில் படுத்தேன்.

ஞாயிறு மாலை 5.30க்கு லிவர்பூல் - பர்ன்லி. ஆறாவது நிமிடத்தில் பர்ன்லியின் வெஸ்ட்வுட் அடித்த கார்னர் நேராகக் கோலுக்குள் போனது. முந்தின நாள் மாதிரியே ஆரம்பத்தில் ஓர் அடி. ஃபிர்மினோ இரண்டு, மானே இரண்டு, 4-2 என்று ஜெயித்தோம். இரவு பத்து மணிக்கு உங்கள் ஆர்சனல், மான்செஸ்டர் யுனைடெட்டோடு. ஷாக்கா தூரத்திலிருந்து அடித்த பந்து காற்றில் வளைந்து டி ஹெயாவை ஏமாற்றியது. பிறகு ஔபமெயாங் பெனால்டி. யுனைடெட்டின் பயிற்சியாளராக சோல்ஷார் பொறுப்பேற்ற பின் லீக்கில் அவருக்கு அது முதல் தோல்வி. நீங்கள் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருப்பீர்கள், பார்த்தீர்களா தெரியாது.

அந்த ஞாயிறு நான் டிவி பார்த்த விதமே மாறியிருந்தது. கேமரா விட்டுவிட்டுப் போனதை என் கண் தேடிக்கொண்டிருந்தது. பந்து ஒருவர் காலில் இருக்கும்போது, காட்டாத அந்தப் பக்கத்தில் யார் ஓடிக்கொண்டிருப்பார் என்று மனசு கணக்குப் போட்டது.

மாமாவுக்கு என் பதில் அந்த மே மாதத்தில் கிடைத்தது. இங்கிலாந்திலும் அந்த சீசன் ஒரே புள்ளியில்தான் முடிந்தது. சிட்டி 98, லிவர்பூல் 97. மே 12, கடைசி நாள், அங்கேயும் ஒரே நேரத்தில் ஆட்டங்கள். பிரைட்டனில் சிட்டி முதலில் ஒரு கோல் வாங்கியது. அந்தச் செய்தி லிவர்பூலின் சொந்த மைதானமான ஆன்ஃபீல்டின் கேலரிக்குள் வந்தபோது, மைதானத்தில் நடப்பதற்குச் சம்பந்தமே இல்லாமல் ஒரு சத்தம் எழுந்தது. டிவியில் அதைக் கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எனக்கு அது தெரிந்த சத்தம். கோவையில், என் காதுக்குப் பக்கத்தில் கேட்ட சத்தம். கொஞ்ச நேரத்தில் சிட்டி சமன் செய்து, 4-1 என்று ஜெயித்தும்விட்டது. 97 புள்ளி எடுத்தும் கோப்பை இல்லை. அன்றைக்கு நானும் சாப்பிடவில்லை தம்பி. ஆனால் யாராவது அந்த ஊர் எந்தத் திசை என்று கேட்டிருந்தால், கோவைக்குப் போகும் அவிநாசி ரோட்டைக் கையால் காட்டியிருப்பேன்.

சரி, உங்கள் இரண்டாவது கேள்வி. நம் லீக்கில் வேகம் குறைவு என்பது உண்மை. அங்கே ஆறு ஏழு வயதிலேயே கிளப்புக்குள் வந்துவிடுகிறார்கள். நம் சேலத்தில் சின்னப்பம்பட்டி நடராஜன் இந்திய கிரிக்கெட் அணிக்கு ஆடிய பிறகு எத்தனை பையன்கள் யார்க்கர் போடப் பழகுகிறார்கள் என்று பார்க்கிறோம். கால்பந்துக்கு அப்படிக் கண்ணெதிரே ஒரு முகம் வேண்டும். போனில் பார்த்து இரண்டையும் ஒப்பிட்டால் நம் ஆட்டம் தோற்கத்தான் செய்யும். கட்டாயத்துக்காகப் பார்க்காதீர்கள், போனிலும் பார்க்க வேண்டாம். ஒரு முறை நேரில் போங்கள்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், அன்று கோப்பையைத் தூக்கிய சென்னை சிட்டி இப்போது அந்த லீக்கில் இல்லை. நானும் நீங்களும் ஒரு வாரம் பார்க்காவிட்டால் லிவர்பூலுக்கும் ஆர்சனலுக்கும் ஒன்றும் ஆகிவிடாது. இங்கே ஒரு அணி கண்ணெதிரே வந்து, ஜெயித்து, காணாமலும் போய்விடுகிறது. கோவைக்கு நான் போனது அந்த ஒரே ஒரு ஆட்டத்துக்குத்தான். நான்கு மணி நேரப் பயணம், அந்த சீசனில் இன்னும் எத்தனையோ ஆட்டங்களுக்குப் போயிருக்கலாம். அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

சென்னையின் எஃப்சி என்ற அணி ஆடும் சென்னை நேரு ஸ்டேடியம் சென்ட்ரலிலிருந்து நடக்கும் தூரம்தான். ராத்திரி ஆட்டம் முடிந்து நடந்து வந்தால் ஏற்காடு எக்ஸ்பிரஸைப் பிடித்துவிடலாம். விடியும் முன்பே சேலம் ஜங்ஷன் வந்துவிடும், நீங்கள் பட்டறைக்கும் போய்விடலாம். அட்டவணை வந்ததும் ஒரு சனிக்கிழமையைச் சொல்லுங்கள், நான் மலையிலிருந்து இறங்கி வருகிறேன். மாமாவையும் கூட்டி வாருங்கள். அவருக்கு டிக்கெட் நான் எடுக்கிறேன்.

அன்புடன்.