தியானம் ஒரு பக்கம், திருப்பலி ஒரு பக்கம்: எந்தக் குழுவில் சேர்வது?

கேள்வி: பிறப்பால் கத்தோலிக்கர். சில ஆண்டுகளாக பௌத்த மரபின் ஜென் முறையில் தியானம் செய்கிறேன். பங்குக் கோவிலில் சொன்னால் 'அதெல்லாம் நமக்கு ஆகாது' என்கிறார்கள். தியானக் குழுவிலோ நான் திருப்பலிக்குப் போவதே அவர்களுக்கு வேடிக்கை. இப்போது 'கத்தோலிக்க யோக தியான சமூகம்' என்று ஒன்று அழைக்கிறது. நிலை நிலையாகப் பயிற்சி, ஒவ்வொன்றுக்கும் கட்டணம். முதல் நிலைக்குக் கட்டிவிட்டேன். தொடரலாமா?

பதில்: அடுத்த நிலைக்குப் பணம் கட்டாதீர்கள். முதலில் அவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: 'கத்தோலிக்க' என்று பெயர் வைத்துக்கொள்ள யார் ஒப்புதல் கொடுத்தது? திருச்சபைச் சட்டத்தின் 300-ஆம் விதிப்படி, உரிய திருச்சபை அதிகாரி சம்மதிக்காமல் எந்தச் சங்கமும் அந்தப் பெயரைச் சூட்டிக்கொள்ள முடியாது. சம்மதம் இருந்தால் கடிதத்தை எடுத்துக் காட்டப் போகிறார்கள். அதை விட்டுவிட்டு, நிறுவனர் யாரோ ஒரு கர்தினாலோடு நிற்கும் போட்டோவைக் காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். 'இங்கே நடப்பதை உங்கள் பங்குச் சாமியாரிடம் சொல்லாதீர்கள், அவருக்குப் புரியாது' என்றாலும் அப்படியே. தியானம் கற்றுத்தரும் குருவிடம் மனதைத் திறந்து கொட்டியே ஆகவேண்டும் என்று வற்புறுத்துவது அதைவிட மோசம். துறவற சபைகளில்கூட, மனசாட்சியைத் திறந்து காட்டும்படி உறுப்பினரைத் தூண்டத் தலைவருக்கு உரிமை இல்லை. 630-ஆம் விதி தடுக்கிறது. கட்டணம் வாங்கும் குருவுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது அந்த உரிமை?

இந்த ஆட்கள் பிழைப்பதற்குக் காரணம் நம் பங்குகளின் மௌனம்தான். கிழக்கத்திய தியான முறைகளைப் பற்றி வத்திக்கான் 1989 அக்டோபர் 15-இல் ஆயர்களுக்கு ஒரு கடிதமே அனுப்பியது. ஜென், யோகா எல்லாம் அதில் பெயர் சொல்லியே வருகின்றன. பயனுள்ளதை எடுத்துக்கொள்ளலாம், கிறிஸ்தவ செபத்தின் இயல்பு மறைந்துவிடக் கூடாது; உடம்பில் தோன்றும் அமைதியையும் இதமான வெப்பத்தையும் தூய ஆவியின் ஆறுதல் என்று அவசரப்பட்டு நம்பிவிடக் கூடாது. சுருக்கம் இவ்வளவுதான். இத்தனை ஆண்டுகளில் இதை ஒரு ஞாயிறு மறையுரையில் நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டதில்லை. 'ஆகாது' என்ற ஒரு வார்த்தையோடு வேலையை முடித்துக்கொள்கிறார்கள்.

சரி, ஜென் குழுவில் உட்காரலாமா? தாராளமாக. ஜெர்மானிய இயேசு சபைக் குரு ஹ்யூகோ லசால் ஜப்பானில் ஜென் பயின்று, குருவாக இருந்துகொண்டே மற்றவர்களுக்கும் கற்றுக்கொடுத்தார். ஒரே ஓர் இடத்தில் மட்டும் எல்லை போட்டுக்கொள்ள வேண்டும். அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அமர்வதற்கு முன் இருக்கையையும் உடன் அமர்பவரையும் வணங்குவது மரியாதை, அதில் சிக்கல் இல்லை. சூத்திரம் ஓதும்போது வாயை மூடி நிற்கலாம். நல்ல ஆசிரியர் தவறாக நினைக்க மாட்டார். ஆனால் புத்தரையும் தம்மத்தையும் சங்கத்தையும் சரணடைகிறேன் என்று சடங்கோடு சொல்வது ஒரு மதத்துக்குள் நுழைவது. அது வேண்டாம். ஜென் அல்லாமல், மகரிஷி மகேஷ் யோகி பரப்பிய ஆழ்நிலை தியானத்துக்குப் போனால், பூ, பழம், வெள்ளைக் கைக்குட்டை கொண்டுவரச் சொல்வார்கள்; மந்திரம் தருவதற்கு முன் ஆசிரியர் தன் குரு மரபை நினைத்துப் பூசை செய்வார். நீங்கள் வெறுமனே நிற்பவர்தான் என்றாலும், யாருக்கு, எதற்கு என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மழுப்பினால் போகாதீர்கள்.

இரண்டும் ஒரே கூரையின் கீழ் வேண்டும் என்றால், ஜான் மெய்ன் என்ற பெனடிக்ட் சபைத் துறவியின் வழியில் 1991-இல் உருவான உலக கிறிஸ்தவ தியான சமூகத்தின் வாரக் குழு ஏதாவது அருகில் இருக்கிறதா என்று பாருங்கள். துறவியாகும் முன் மலாயாவில் ஓர் இந்து சுவாமியிடம் அவர் இந்த முறையைக் கற்றார். 'மாரநாதா' ('ஆண்டவரே, வாரும்') என்பதை மா-ர-நா-தா என்று ஒரே சீராக மனதுக்குள் சொல்லிக்கொண்டு, காலையும் மாலையும் இருபது முதல் முப்பது நிமிடம் அமர வேண்டும். நிலைகளும் இல்லை, பட்டமும் இல்லை.

குழு எதுவானாலும் ஞாயிறு திருப்பலி உங்கள் பங்கிலேயே இருக்கட்டும். மாதம் ஒருமுறை பேச ஓர் ஆன்மிக வழிகாட்டியைத் தேடிக்கொள்ளுங்கள். அவர் குருவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, அனுபவமுள்ள அருட்சகோதரியோ பொதுநிலையினரோ போதும். அப்புறம், முதல் நிலைக்குக் கட்டிய பணத்துக்கு ரசீது கேட்டு எழுத்தில் ஒரு கடிதம் போடுங்கள், நகல் ஆயர் இல்லத்துக்கு. அங்கிருந்து பதில் வரத் தாமதமாகும், ஆனால் நகல் போனது தெரிந்தால் அந்தச் சமூகத்திடமிருந்து சீக்கிரமே வந்துவிடும்.