கொடிக்கயிற்றில் ஒரு கூடு: தோட்டத்துப் பறவைகள் பற்றிக் கேள்வி பதில்

திருச்சியிலிருந்து: தேன்சிட்டு ஒன்று தினமும் காலையில் வந்து பைக் கண்ணாடியைக் கொத்துகிறது. பசியா அக்கா?

பசி இல்லை, சண்டை. குஞ்சு பொரிக்கும் பருவத்தில் ஆண்சிட்டு தன் எல்லைக்குள் இன்னொரு ஆணை விடாது. கண்ணாடியில் தெரிவதும் எதிரி என்றே நினைத்துக் களைத்துப் போகும்வரை மோதும். வண்டியை நிறுத்தியதும் கண்ணாடிக்கு ஒரு துணிப்பையை மாட்டிவிடுங்கள்.

கும்பகோணத்திலிருந்து: துணி காயப்போடும் கொடியில் குப்பை மாதிரி ஏதோ தொங்குகிறது. பிய்த்துப் போடலாமா?

ஐயோ, வேண்டாம்! பக்கவாட்டில் ஒரு ஓட்டை, அதற்கு மேலே சின்னக் கூரை மாதிரி நீட்டல் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது தேன்சிட்டுக் கூடு. நார், காய்ந்த புல் எல்லாவற்றையும் சிலந்தி நூலால் பிணைத்து, வெளியே மரப்பட்டைத் துணுக்கையும் புழு எச்சத்தையும் ஒட்டிவைக்கும். குப்பை மாதிரி தெரிவதுதான் அதற்குப் பாதுகாப்பு. எங்கள் வீட்டுச் செம்பருத்தியில் ஊதாப்பிட்டு தேன்சிட்டு கட்டியபோது திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தேன். கட்டுவதெல்லாம் பெட்டைதான். ஒரு வாய் பஞ்சு கொண்டுவந்து உள்ளே நுழையும். நெஞ்சை அழுத்திச் சுற்றிச் சுற்றித் திரும்பும். ஒவ்வொரு சுற்றுக்கும் கூட்டின் வயிறு வெளியே புடைக்கும். அப்புறம் பெரும்பாலும் இரண்டு முட்டை. அடைகாக்க இரண்டு வாரம், குஞ்சு பறக்க இன்னும் இரண்டு வாரத்துக்கு மேல். இரை கொடுக்க ஆணும் வந்துவிடும். அதுவரை துணியை வேறு கொடியில் போடுங்கள்.

மதுரையிலிருந்து: தவிட்டுக்குருவிகள் திடீரென்று ஒரே கூச்சல். பாம்பா?

இருக்கலாம். பூனை, கீரி, வல்லூறு என்றாலும் அப்படித்தான் கத்தும். கூட்டம் தரையில் இரை தேடும்போது ஒன்று மேலே உட்கார்ந்து காவல் பார்க்கும். எல்லாம் எந்தப் பக்கம் பார்த்துக் கத்துகின்றன என்று கவனியுங்கள், தெரிந்துவிடும்.

சேலத்திலிருந்து: கூவுவது பெண் குயில்தானே?

இல்லை, கறுப்பு ஆண். பெண் பழுப்பில் வெள்ளைப் புள்ளி போட்டிருக்கும். 'கிக் கிக்' என்றுதான் கத்தும்.

நாகர்கோவிலிலிருந்து: கொண்டைக்குருவிக் குஞ்சு தரையில் கிடக்கிறது. நாம் தொட்டால் தாய் சேர்க்காதாமே?

அது தவறான நம்பிக்கை. இறகு முளைத்துத் தத்தித் தத்தி நடந்தால் அது பறக்கப் பழகும் குஞ்சு. பக்கத்துப் புதரில் ஏற்றிவிட்டுப் பூனையை உள்ளே அடையுங்கள். இறகே இல்லையென்றால் கூட்டில் திரும்ப வைக்கலாம். பால், சோறு எதுவும் ஊட்டாதீர்கள். சரி, இப்போது நன்றாகத் தள்ளி நின்று பாருங்கள். நீங்கள் பக்கத்தில் நிற்பதால்தான் தாய் பூச்சியை வாயில் வைத்துக்கொண்டு இறங்காமல் காத்திருக்கும்.