தீர்ப்பில் மக்களுக்கு என்ன பங்கு? வாசகர் கேள்வி-பதில்

ஜூரி முறை இன்னும் உண்டா? (குன்னூர்)

இல்லை. சாதாரண மக்கள் கூடிக் குற்றவாளியா இல்லையா என்று சொல்லும் அந்த முறை 1973 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு முடிந்தது. பார்சி திருமண வழக்குகளில் மட்டும் அந்தச் சமூகத்தின் 5 பிரதிநிதிகள் நீதிபதியோடு அமர்கிறார்கள்.

விபத்து வழக்கை லோக் அதாலத்தில் (சமரச மக்கள் நீதிமன்றத்தில்) முடித்துக்கொண்டேன். தொகை குறைவாகத் தோன்றுகிறது. அப்பீல் எங்கே செய்வது? (கோத்தகிரி)

எங்கும் செய்ய முடியாது. 1987 சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 21-ம் பிரிவின்படி அந்த அவார்டு, அதாவது அங்கே எழுதிய முடிவு, சிவில் கோர்ட் டிக்ரிக்குச் (தீர்ப்பாணைக்குச்) சமம், அதுவே இறுதி. மோசடி நடந்திருந்தால் மட்டும் ஹைகோர்ட்டில் ரிட் போடலாம். தொகை பிடிக்கவில்லை என்றால் அன்றே மறுத்திருக்கலாமே! வழக்கு பழையபடி கோர்ட்டுக்கே திரும்பியிருக்கும். படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள் என்று எத்தனை முறைதான் எழுதுவது? பஸ், மின்சாரம், குடிநீர் போன்ற புகார்களை எடுக்கும் நிரந்தர லோக் அதாலத் வேறு. சமரசம் ஆகாவிட்டால் அங்கே அவர்களே முடிவு சொல்லிவிடுவார்கள்.

எங்கள் பளியர் பழங்குடிக் குடியிருப்பின் வன உரிமை மனுக்களைக் கிராமசபை தள்ளிவிட்டது என்கிறார்கள். அப்படி ஒரு கூட்டமே எங்களுக்குத் தெரியாது. பதிவேட்டில் எங்கள் கையெழுத்து இருக்கிறதாம். (தாண்டிக்குடி பக்கம்)

முதல் வேலை, பதிவேடு, தீர்மானம் இரண்டின் நகலையும் வாங்குவது. தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி மனுப் போடுங்கள்.

2006 வன உரிமைச் சட்டத்தில் முதல் முடிவை எடுப்பது அதிகாரி அல்ல, கிராமசபை. சாதாரண ஜனங்கள் கூடி உரிமையைத் தீர்மானிக்கும் இடம் நம் சட்டத்தில் இதைப் போல வேறெங்கே இருக்கிறது? அதைத்தான் பாழாக்குகிறார்கள். மே தினக் கிராமசபையில் தெருவிளக்கு, குடிநீர், நூறு நாள் வேலை என்று வரிசையாகப் போகும் தீர்மானங்களோடு இதையும் நுழைத்து, வருகைக்குப் போட்ட கையெழுத்தைச் சம்மதமாகக் காட்டுவது பெரிய அநியாயம்.

கூட்டம் குடியிருப்பு அளவில் நடக்க வேண்டும். வயது வந்தவர்களில் பாதிப் பேர், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள், மனுதாரர்களில் பாதிப் பேர் இருக்க வேண்டும். வயது வந்தவர்கள் 120 பேர் உள்ள ஊரில் 60 பேர் வந்திருந்தால் அதில் 20 பெண்களாவது இருக்க வேண்டும். பதிவேட்டை எண்ணிப் பாருங்கள், அநேகமாக அங்கேயே ஓட்டை தெரியும்.

தீர்மான தேதியிலிருந்து 60 நாளுக்குள், கிராமசபைக்கு அடுத்த மேல்நிலையான உட்கோட்டக் குழுவுக்கு மனுக் கொடுங்கள். அறிவிப்பு வரவில்லை, கோரம் (கூட்டத்துக்கு வேண்டிய குறைந்தபட்ச ஆட்கள்) இல்லை, காரணம் எழுதவில்லை என்று தனித்தனியாக எழுதி, மறுபரிசீலனைக்குக் கிராமசபைக்கே திருப்பி அனுப்பக் கேளுங்கள். ஆதாரம் குறைந்தது இரண்டு வேண்டும். மனுதாரர் அல்லாத ஊர்ப் பெரியவர் சொன்னதை எழுதி வாங்கினால் அதுவும் ஆதாரம்தான். செயற்கைக்கோள் படத்தை மட்டும் காட்டித் தள்ள விதியில் இடமில்லை. நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு தாளுக்கும் ஒப்புகை வாங்குங்கள்.

ஏரியில் கழிவுநீர் கலக்கிறது. ஹைகோர்ட்டில் பொதுநல வழக்குக்கு எவ்வளவு ஆகும்? (கொடைக்கானல்)

எந்த இடத்தில், எப்போதிருந்து, யாரிடம் புகார் கொடுத்தீர்கள்? ஒன்றுமே எழுதவில்லை. இப்படிப் போனால் எந்த மன்றமும் கேட்காது. முதலில் நகராட்சிக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் தேதியிட்ட படங்களோடு எழுதுங்கள். பிறகு சுற்றுச்சூழல் வழக்குகளைக் கேட்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னையில் உள்ள தென்மண்டல அமர்வுக்குப் போகலாம். அங்கே நீதிபதியோடு நிபுணரும் அமர்வார். இழப்பீடு கேட்காத மனுவுக்கு 1,000 ரூபாய். பிரச்சினை எழுந்ததிலிருந்து கெடு 6 மாதம். ஹைகோர்ட்தான் வேண்டும் என்றால் உங்களுக்கு மதுரைக் கிளை, நீலகிரிக்காரர்களுக்குச் சென்னை.

சிறார் நீதிக் குழுமத்தில் வழக்கறிஞர் அல்லாதவர் அமரலாமா? (ஊட்டி)

அமரலாம். 18 வயதுக்குட்பட்டவர்கள் மீதான குற்ற வழக்குகளைக் கேட்கும் இந்தக் குழுமத்தில் மாஜிஸ்திரேட்டோடு 2 சமூகப் பணியாளர்கள், அதில் ஒருவராவது பெண். குழந்தைகளின் கல்வி, உடல்நலம், நலப்பணி இவற்றில் 7 ஆண்டு ஈடுபாடு வேண்டும்; அல்லது குழந்தை உளவியல், மனநல மருத்துவம், சமூகவியல், சட்டம் இவற்றில் பட்டம் பெற்றுத் தொழில் செய்பவராக இருக்க வேண்டும்.

சோதனை மகஜரில் (சோதனையில் நடந்ததை எழுதும் பதிவில்) சாட்சிக் கையெழுத்துக் கேட்டால் மறுக்கலாமா? (கூடலூர்)

எழுத்துமூலம் அழைத்திருந்தால், தக்க காரணமின்றி மறுப்பது குற்றம். ஆனால் வெற்றுத் தாளில் போடாதீர்கள். எடுத்த பொருள்களின் பட்டியலும் எடுத்த இடமும் எழுதியிருக்கிறதா என்று படித்துவிட்டுப் போடுங்கள்.

வழக்கு விசாரணையைச் சும்மா போய்ப் பார்க்கலாமா? (பந்தலூர்)

தாராளமாக. போக்சோ (குழந்தைகள் மீதான பாலியல் குற்றம்), பாலியல் வன்கொடுமை போன்று மூடிய அறையில் நடக்கும் வழக்குகளுக்கு மட்டும் அனுமதி இல்லை. செல்போனை அணைத்துவிட்டு உட்காருங்கள்.