எத்தனை மடங்கு என்று கேட்காதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகன் ஆறு மாதமாகத் தொலைநோக்கி கேட்டுக்கொண்டிருக்கிறான். '525 மடங்கு பெரிதாக்கும்' என்று இணையத்தில் ஒன்று விற்கிறார்கள். டிரைபாடுடன் பத்தாயிரம் ரூபாய்க்குள் வருகிறது. பெட்டியின் மேல் வண்ண வண்ணமாக நெபுலா (விண்மேகம்) படங்கள். வாங்கலாமா? அதில் உண்மையில் என்னதான் தெரியும்? எங்கள் மொட்டைமாடியிலிருந்து வானம் ஓரளவு இருட்டாகவே இருக்கிறது.

செல்வி, அறந்தாங்கி

அன்புள்ள செல்வி,

அதை வாங்காதீர்கள்.

525 எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். குவியத் தூரம் என்பது ஆடியிலிருந்தோ லென்ஸிலிருந்தோ ஒளி குவியும் இடம் வரையுள்ள தூரம். தொலைநோக்கியின் குவியத் தூரத்தை ஐபீஸின், அதாவது கண்ணை வைத்துப் பார்க்கும் சிறு லென்ஸின், குவியத் தூரத்தால் வகுத்தால் கிடைப்பது உருப்பெருக்கம். இந்த வகைத் தொலைநோக்கிகளில் பெரும்பாலும் 76 மி.மீ. அகல ஆடி (ஒளியைக் குவிக்கும் கண்ணாடி), 700 மி.மீ. குவியத் தூரம். 4 மி.மீ. ஐபீஸ் போட்டால் 175 மடங்கு. கூடவே உருப்பெருக்கத்தை மூன்று மடங்காக்கும் பார்லோ என்ற கூடுதல் லென்ஸைச் செருகினால் 525. கணக்கு சரி, காட்சிதான் வராது. ஆடி பிடிக்கிற வெளிச்சம் கொஞ்சம். அதை அத்தனை விரித்தால் மங்கிக் கலங்கிவிடும். ஆடியின் அகலத்தை மி.மீ.யில் எடுத்து இரண்டால் பெருக்குங்கள், அதுதான் உச்சவரம்பு. 76க்கு 150 சொச்சம், அதுவும் காற்று அடங்கிய இரவுகளில்.

இன்னொன்று, 525 மடங்கில் தெரியும் வானத்துண்டு மிகச் சிறியது. பூமி சுழல்வதால் வியாழன் ஒரு விளிம்பில் நுழைந்து இருபது நொடிக்குள் மறு விளிம்பில் வெளியேறிவிடும். ஒல்லியான அலுமினிய டிரைபாடில் ஃபோகஸ் குமிழைத் தொட்டாலே எல்லாம் ஆடும். ஆட்டம் அடங்குவதற்குள் வியாழன் போயிருக்கும். பையன் தன் கண்ணில்தான் கோளாறு என்று நினைத்துக்கொள்வான். எனக்குக் கோபம் வருவது அங்கேதான்.

கடையில் கேட்க வேண்டியவை இரண்டு: எத்தனை மி.மீ. அகலம்? தொட்டால் ஆடாமல் நிற்குமா?

உங்கள் பணத்துக்கு நான் சொல்வது 10×50 பைனாகுலர். முதல் எண் மடங்கு, இரண்டாவது லென்ஸின் அகலம். பத்தாயிரத்துக்குள்ளேயே கிடைக்கிறது. வாங்கும்போது கையை நீட்டிப் பிடித்து, வெளிச்சமான சுவரை நோக்கித் திருப்பி, ஐபீஸில் தெரியும் ஒளிப்பொட்டைப் பாருங்கள். வட்டமாக இருந்தால் நல்லது. ஓரங்கள் வெட்டுப்பட்டிருந்தால் உள்ளே இருக்கும் பட்டகம் மட்டமானது. பிறகு தொலைவில் உள்ள மின்கம்பத்தைப் பாருங்கள். ஒன்று இரண்டாகத் தெரிந்தாலோ, பார்த்துப் பார்த்துத் தலை வலித்தாலோ இரண்டு குழல்களும் ஒரே திசையில் இல்லை. திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அதில் என்ன தெரியும்? நிலவை வளர்பிறை பஞ்சமி முதல் அஷ்டமி வரை பாருங்கள். வெளிச்சமும் இருளும் சந்திக்கும் கோட்டில் பள்ளங்கள் நிழலோடு எழுந்து நிற்கும். பௌர்ணமியில் நிழலே இல்லாததால் தட்டையாக இருக்கும். வெறுங்கண்ணுக்கு ஆறாகத் தெரியும் கார்த்திகை, பைனாகுலரில் சில பத்து நட்சத்திரங்களாக விரியும். ஆனால் கார்த்திகை மாதத்தில் உங்கள் பக்கம் மழை. தை, மாசி இரவுகளில் பாருங்கள். அப்போதே திருவாதிரைக்குத் தெற்கே, வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களையும் தாண்டிப் போனால் ஒரு மங்கிய புகைத்திட்டு தெரியும். அதுதான் ஓரியன் நெபுலா. முழங்கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டால் வியாழனின் நிலவுகள் இரண்டு, மூன்று, சில நாள் நான்குமே புள்ளிகளாகத் தெரியும். கலிலியோ 1610 ஜனவரியில் பார்த்தது இவற்றைத்தான். சனியின் வளையம் மட்டும் பைனாகுலரில் பிரிந்து தெரியாது.

வளையத்துக்குத் தொலைநோக்கிதான் வேண்டும். 70 மி.மீ. லென்ஸ், 700 மி.மீ. குவியத் தூரம், 10 மி.மீ. ஐபீஸ் என்றால் 70 மடங்கு, போதும். 2025 மார்ச்சில் வளையம் நமக்கு விளிம்பைக் காட்டி நின்றது. அதன்பின் ஆண்டுக்கு ஆண்டு விரிந்துவருகிறது, அவசரமில்லை. வியாழனின் இரண்டு பட்டைகளும் இதில் தெரியும். வெறுங்கண்ணுக்கு வசிட்டரும் அருந்ததியும் இரண்டு நட்சத்திரங்கள். இந்தத் தொலைநோக்கியில் வசிட்டரே இரண்டாகப் பிரிவார்.

பணம் சேர்ந்தபின் வாங்குவதானால் ஆறு அங்குல ஆடியுள்ள டாப்சோனியன், அதாவது எளிய பெட்டித் தாங்கியில் நிற்கும் தொலைநோக்கி. தரையில் வைத்து, கையால் மேலும் கீழும் பக்கவாட்டிலும் தள்ளினால் போதும். துருவ நட்சத்திரத்தை நோக்கி அச்சைச் சாய்க்கிற மவுண்ட் (தாங்கி) வேண்டாம். அறந்தாங்கியில் துருவ நட்சத்திரம் அடிவானத்துக்குப் பத்து பாகை மேலேதான், நீட்டிய கையில் ஒரு முஷ்டி உயரம். தென்னையும் வீடுகளும் மறைத்துவிடும். பல மவுண்ட்கள் அவ்வளவு தாழ்வாகச் சாயவும் சாயாது.

பெட்டியில் இருக்கும் வண்ணங்கள் எதிலுமே தெரியாது. மங்கலான ஒளியில் நம் கண் நிறம் காண்பதில்லை. கேமரா நிமிடக்கணக்கில் ஒளியைச் சேர்த்துத்தான் அந்த நிறங்களை எடுக்கிறது. பையனிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். அரைமணி நேரம் செல்போன் பார்க்காமல் இருட்டில் இருந்தபின், நெபுலாவை நேராகப் பார்க்காமல் சற்றுப் பக்கவாட்டில் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணின் ஓரம்தான் மங்கலானதை நன்றாகப் பிடிக்கும்.

மொட்டைமாடியில் ஒரு சிக்கல்: பகலில் காய்ந்த கான்கிரீட் இரவில் வெப்பத்தை விட்டுக்கொண்டே இருப்பதால் தொலைநோக்கியில் கோள்கள் கொதிநீர் வழியாகப் பார்ப்பதுபோல் நடுங்கும். மண் தரை கிடைத்தால் நல்லது, இல்லையென்றால் பத்து மணிக்கு மேல் பாருங்கள். பனி பட்டால் லென்ஸைத் துடைக்காமல் காயவிட்டு மூடி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். ஈரத்தோடு மூடினால் பூஞ்சை பிடிக்கும். ஐபீஸில் திருகும் சூரிய வடிகட்டி எதனுடனாவது வந்தால் அன்றே உடைத்துப் போடுங்கள். குவிந்த வெயிலின் சூட்டில் அது விரிசல் விடும், அடுத்த நொடி கண் போய்விடும்.

பைனாகுலர் வந்ததும் வைகாசி முதல் வாரத்தில், நிலவில்லாத ஓர் இரவில் சுமார் பத்து மணிக்குச் சித்திரை நட்சத்திரத்தைக் கண்டுபிடியுங்கள். அங்கிருந்து நேர் தெற்கே இறங்கி, அடிவானத்துக்கு மூன்று முஷ்டி உயரத்தில் தேடுங்கள். பஞ்சுருண்டைபோல ஒன்று தெரியும்: ஒமேகா சென்டாரி, சுமார் ஒரு கோடி நட்சத்திரங்களின் கொத்து. லண்டனில் அது உதிப்பதே இல்லை.